நின்னா உதறுது, ஓடினா சரியாகுது: குழு வண்டி வைத்திருப்போருக்கு ஒரு பாடம்



நம்ம முசிறி, தொட்டியம், தா.பேட்டை பக்கம் வாழைத்தார் ஏற்றவும், கோரைப்பாய்க் கட்டு கொண்டுபோகவும் குழுவாகச் சேர்ந்தோ, குடும்பத்தில் கடன் போட்டோ பழைய பிக்அப் வண்டி வாங்கினவங்க நிறைய பேர் இருக்கோம். புது வண்டிக்கு வட்டி கட்டி முடியாது என்று பத்து வருஷம் ஓடின வண்டியாகப் பார்த்து வாங்குகிறோம். வாங்கி ஆறு மாதம் கழித்து ஒரு புகார் கட்டாயம் வரும். "ஓடும்போது நல்லாத்தான் இருக்கு. நிறுத்தி ஆன்ல வெச்சா உதறுது. கதவு, கண்ணாடி எல்லாம் கடகடன்னு ஆடுது. சில நேரம் தானா ஆஃப் ஆயிடுது."

ஒர்க்‌ஷாப் கொண்டுபோனால் ஒருத்தர் "ஃபில்டர் மாத்துங்க, போதும்" என்பார். அது சில நூறு ரூபாய் வேலை. அடுத்த தெருவில் கேட்டால் "இன்ஜினை இறக்கணும்" என்பார். அது பல பத்தாயிரம். இரண்டு பேருமே பொய் சொல்லாதவர்களாக இருக்கலாம், ஏன் என்றால் இரண்டு காரணத்தாலும் வண்டி உதறும். நம்ம வண்டிக்கு எது என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கு. ஸ்பேனர் பிடிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வரிசை நமக்குத் தெரியணும். காசு குழுக் காசு.

உலக்கைப் பாட்டு நின்ற மாதிரி

2005இல் டாடா கம்பெனி 'ஏஸ்' என்று ஒரு சின்ன சரக்கு வண்டியைக் கொண்டுவந்தது. நம்ம ஊரில் அதற்குப் பெயர் குட்டி யானை. அந்த முதல் குட்டி யானையின் டீசல் இன்ஜினுக்கு 702 சி.சி., சிலிண்டர் இரண்டே இரண்டு. பெரிய பிக்அப் வண்டிகளுக்குப் பெரும்பாலும் நாலு சிலிண்டர்.

ஒரே உரலில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறி உலக்கை போடுவதை நினைத்துப் பாருங்க. தும், தும், தும் என்று ஒரே சீராகப் போகும். ஒருத்தி கை தளர்ந்து ஒரு குத்து விட்டுட்டா, தாளமே கெட்டுவிடும். இரண்டு சிலிண்டர் இன்ஜின் அப்படித்தான். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை டீசலை எரித்துத் தள்ளும். நிமிஷத்துக்கு 900 சுற்று சுற்றுகிற இன்ஜின் என்றால் ஒரு சிலிண்டருக்கு 450 குத்து, இரண்டுக்கும் சேர்த்து 900. ஒன்று வேலை செய்யாவிட்டால் பாதி பலம் போச்சு. நாலு சிலிண்டரில் ஒன்று போனால் கால் பங்குதான் போகும், உதறலும் கொஞ்சம் குறைவாகத் தெரியும். நல்ல நிலையில் உள்ள குட்டி யானையே நாலு சிலிண்டர் வண்டியைவிட அதிகம் அதிரும். இது தெரியாமல் புதிதாக வாங்கினவர்கள் பயந்துபோய் செலவு செய்வதும் உண்டு. வாங்கின அன்றைக்கு எப்படி அதிர்ந்தது, இப்போது கூடியிருக்கிறதா என்றுதான் பார்க்கணும்.

நிற்கும்போது மட்டும் ஏன்? கேஸ் அடுப்பைப் பெரிதாக எரியவிட்டால் பர்னரில் நாலு ஓட்டை அடைத்திருந்தாலும் தெரியாது. சிம்மில் வைத்தால் ஒரு பக்கம் எரியும், ஒரு பக்கம் அணைஞ்சு அணைஞ்சு வரும். இன்ஜினும் நிற்கும்போது சிம்மில்தான் இருக்கு. அப்போது உள்ளே போகிற டீசல் மிகவும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு காற்றுக் குமிழி வந்தாலோ, ஒரு நாசிலில் குறைவாக வந்தாலோ உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இந்த உதறல் நமக்கு முன்கூட்டியே வருகிற சேதி.

கை வைக்கும் முன்

வண்டியைச் சமதரையில், திறந்த வெளியில் நிறுத்துங்க. மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட வேண்டாம், புகை ஆளைச் சாய்த்துவிடும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கணும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, சடையை முடிந்துகொள்ளுங்க. துப்பட்டா வேண்டாம். ஃபேன் பெல்ட் சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் கை போகக் கூடாது. குட்டி யானையில் சீட்டைத் தூக்கினால் அடியில் இன்ஜின், அதனால் குனிந்து பார்க்கும்போது இன்னும் கவனம்.

முதலில் கண்ணும் காதும்

மெக்கானிக்கிடம் போகும் முன் டிரைவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில. காலையில் முதல் ஸ்டார்ட்டில் உதறுதா, சூடான பிறகு உதறுதா? திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியதா? எங்கேயாவது கேனில் டீசல் வாங்கி ஊற்றின பிறகு வந்ததா? சர்வீஸ் விட்டு வந்த மறுநாளே வந்ததா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஃபில்டர் மாற்றும்போது ஒரு வாஷர் சரியாக உட்காராவிட்டால் காற்று உள்ளே போய் வண்டி உதற ஆரம்பிக்கும். கோளாறு வந்தது சர்வீஸுக்கு முன்னா பின்னா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து புகை. கறுப்புப் புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை: காற்று போதவில்லை அல்லது நாசில் தூவாமல் ஒழுகுகிறது. நீலம் கலந்த புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகையில் இரண்டு வகை உண்டு. கண் எரிந்து டீசல் வாடை அடித்தால் ஒரு சிலிண்டரில் டீசல் எரியாமலே வெளியே வருகிறது. வாடை வேறு மாதிரி இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வருகிற வெள்ளைப் புகையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஒரு சின்னச் சோதனை. பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, சைலென்சர் வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடியுங்க. சைலென்சரைத் தொடக் கூடாது, சுட்டுவிடும். தாள் ஒரே சீராகப் படபடத்தால் சிலிண்டர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றன. படபடப்பு நடுநடுவே விட்டு விட்டு வந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் குத்து விடுகிறது. இதைத்தான் மெக்கானிக் "மிஸ்ஸிங்" என்கிறார்.

தாள் சீராக ஆடுது, சத்தமும் சீராக இருக்கு, ஆனால் கேபின் மட்டும் உதறுது என்றால்? அப்போது இன்ஜின் மேல் பழி போட வேண்டாம். இன்ஜினைச் சட்டத்தில் உட்கார வைத்திருக்கும் மவுண்டிங் ரப்பரைப் பாருங்க. பத்து வருஷத்து வண்டியில் ரப்பர் வெடித்து, அமுங்கி, இரும்போடு இரும்பு இடிக்கும். ஸ்டார்ட் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் 'தடக்' என்று ஒரு உதை வரும். ரப்பர் விலை குறைவு, மாற்ற அரை நாள். இதைப் பார்க்காமல் நாசில், பம்ப் என்று செலவு செய்தால் உதறல் அப்படியே இருக்கும்.

"ரேஸ் ஏத்தி விடறேன்க்கா"

இந்த வார்த்தையைக் கேட்டால் கொஞ்சம் நில்லுங்க. ஐடில் ஸ்குரூவைத் திருகி இன்ஜின் வேகத்தைக் கூட்டிவிட்டால் உதறல் அப்போதைக்கு மறையும். சிம்மில் அணைகிற அடுப்பைப் பெரிதாக எரியவிட்ட கதைதான். வேகம் உண்மையிலேயே குறைவாக இருந்தால் கம்பெனி சொன்ன அளவுக்குக் கூட்டுவது சரியான வேலை. அந்த அளவுக்கு மேல் ஏற்றினால் டீசல் வீண், கோளாறும் உள்ளேயே வளரும்.

ஏர் ஃபில்டர் பற்றியும் ஒரு வார்த்தை. நம்ம வாழைத் தோட்டத்து மண் பாதையில் ஓடுகிற வண்டிக்கு அது சீக்கிரம் அடைக்கும், மாற்றத்தான் வேண்டும். ஆனால் டீசல் வண்டியில் ஏர் ஃபில்டர் அடைப்பு பெரும்பாலும் பாரம் ஏற்றி மேடு ஏறும்போது கறுப்புப் புகையாகத்தான் காட்டும். நிற்கும்போது உதறுவதற்கு அது முதல் காரணம் அல்ல. "ஏர் ஃபில்டர் மாத்திட்டேன், பாருங்க" என்று அதோடு முடித்தால் விட வேண்டாம்.

டீசல் வருகிற வழி

பழைய டீசல் வண்டி உதறலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இங்கேதான், செலவும் இங்கேதான் குறைவு. டேங்கிலிருந்து குழாய் வழியாக ஃபில்டர், ஃபில்டரிலிருந்து பம்ப், பம்பிலிருந்து நாசில். இந்த வழியில் வரக் கூடாதவை மூன்று: தண்ணீர், அழுக்கு, காற்று.

தண்ணீரைக் கண்டுபிடிக்க, காலையில் இன்ஜின் ஸ்டார்ட் பண்ணும் முன் ஃபில்டருக்கு அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் டீசலைப் பிடிக்கணும். பத்து நிமிஷம் அசைக்காமல் வையுங்க. தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கிவிடும், டீசல் மேலே நிற்கும். கோடு போட்ட மாதிரி தெரியும். மழைக்காலத்தில் மூடி சரியில்லாத டேங்கிலும், எப்போதும் காலி டேங்காக ஓட்டுகிற வண்டியிலும் தண்ணீர் சேரும். பிடித்த டீசலைக் கொல்லையில் ஊற்ற வேண்டாம், கிணற்றுக்குப் போகும்.

காற்றுதான் பெரிய திருடன். டேங்கிலிருந்து வரும் குழாயில் டீசல் தள்ளப்பட்டு வருவதில்லை, உறிஞ்சப்பட்டு வருகிறது. அதனால் அந்தக் குழாயில் ஒரு கீறல் இருந்தால் டீசல் வெளியே சொட்டணும் என்று கட்டாயம் இல்லை, காற்று உள்ளே போகும். வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது. "லீக்கே இல்லையே" என்று டிரைவர் சத்தியம் பண்ணுவார், அதுவும் உண்மைதான். அறிகுறி இப்படி இருக்கும்: ராத்திரி நிறுத்தின வண்டி காலையில் வெகுநேரம் சுற்றித்தான் ஸ்டார்ட் ஆகும், பிறகு வேகம் தானாக ஏறி இறங்கும், கொஞ்ச தூரம் போனதும் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும். கை பம்ப் உள்ள வண்டியில் அதை அழுத்தினால் உறைக்காமல் பொத பொத என்று போகும்.

மெக்கானிக்கிடம் இப்படிக் கேட்கலாம்: "தம்பி, டேங்க் லைனைக் கழட்டிட்டு, தனி கேன்ல சுத்தமான டீசல் வெச்சு புது ஓஸ்ல குடுத்துப் பாத்தீங்களா?" கேனிலிருந்து கொடுத்தால் உதறல் நின்றுவிட்டது என்றால் கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். பழைய ஓஸ், கிளிப், செம்பு வாஷர் மாற்றி, காற்றை வெளியேற்றினால் போதும். கால் மணி நேரச் சோதனை, பம்பைக் கழட்டும் முன் கட்டாயம் செய்யணும்.

எந்த சிலிண்டர்?

டீசல் வழி சுத்தம், ஆனாலும் தாள் விட்டு விட்டுத்தான் ஆடுது என்றால் எந்தச் சிலிண்டர் என்று பார்க்கணும். பழைய வகை பம்ப் உள்ள வண்டியில் மெக்கானிக் செய்கிற முறை எளிது. இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் கம்பிக் குழாயின் நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துவார். அந்தச் சிலிண்டருக்கு டீசல் நின்றுவிடும். அது வேலை செய்து கொண்டிருந்த சிலிண்டர் என்றால் இன்ஜின் சத்தம் சட்டென்று மாறி இன்னும் மோசமாகும். இரண்டு சிலிண்டர் வண்டி நின்றேகூடப் போகும். எந்த நட்டைத் தளர்த்தினாலும் எதுவுமே மாறவில்லையோ, அதுதான் சும்மா இருக்கும் சிலிண்டர். வீட்டில் நாலு பேரில் யார் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க ஒருத்தரை ஒரு நாள் ஊருக்கு அனுப்பிப் பார்க்கிற மாதிரி!

இந்தச் சோதனையை நாம் செய்ய வேண்டாம், பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், அதுவும் தள்ளி நின்று. நாசில் குழாயில் டீசல் மிகப் பெரிய அழுத்தத்தில் இருக்கும். பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே பார்க்க ஊசி குத்தின அளவுதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. ஆனால் சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நடந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காராமல், "டீசல் உள்ளே ஏறிடுச்சு" என்று சொல்லி உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான பி.எஸ்.6 டீசல் வண்டிகளிலும், அதற்கு முன் வந்த பல வண்டிகளிலும் 'காமன் ரெயில்' முறை. அதில் அழுத்தம் ஆயிரம் பார் தாண்டும், டயர் காற்றைப் போல பல நூறு மடங்கு. அந்த வண்டியில் யார் சொன்னாலும் ஓடுகிற இன்ஜினில் நட்டைத் தளர்த்த விடக் கூடாது. அதற்கு ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்கணும்.

சிலிண்டர் தெரிந்தாச்சு. காரணம் நாசிலா, சிலிண்டரா? இங்கேதான் பணம் மிச்சமாகும். நாசில்களை இடம் மாற்றிப் போடச் சொல்லுங்க. ஒன்றாம் சிலிண்டர் நாசில் இரண்டுக்கு, இரண்டு ஒன்றுக்கு. அடியில் இருக்கும் செம்பு வாஷர் புதிதாக இருக்கணும். திரும்ப நட்டுச் சோதனை செய்யும்போது கோளாறும் இடம் மாறியிருந்தால் நாசில்தான் காரணம். கோளாறு பழைய சிலிண்டரிலேயே இருந்தால் நாசில் மேல் குற்றம் இல்லை.

நாசிலைச் சோதிக்க டீசல் பம்ப் சர்வீஸ் கடைக்குத் தனியாக எடுத்துப் போகலாம், வண்டி போக வேண்டியதில்லை. திருச்சியிலும், லாரி தொழிலுக்குப் பெயர்போன நாமக்கல்லிலும் இத்தகைய கடைகள் உண்டு. மைக்கோ என்று மெக்கானிக்குகள் இன்றும் சொல்வது பழைய பெங்களூர் கம்பெனி. 2008இல் அதன் பெயர் பாஷ் என்று மாறிவிட்டது. கடையில் சோதனை மேடையில் வைத்து அழுத்தும்போது நீங்களும் பாருங்க. நல்ல நாசில் பனி மாதிரி தூவி, டக்கென்று நிற்கும். கெட்டது நூலாக ஒழுகும், நின்ற பிறகும் நுனியில் சொட்டு தொங்கும். ஒழுகுகிற நாசிலோடு மாதக் கணக்கில் ஓட்டினால் எரியாத டீசல் ஆயிலில் இறங்கும். ஆயில் கம்பியை எடுத்துப் பார்த்தால் அளவு குறையாமல் ஏறியிருக்கும், டீசல் வாடை அடிக்கும். கடைசியில் பிஸ்டன் தலை உருகி ஓட்டையாவதும் உண்டு. சின்ன வேலை பெரிய வேலை ஆவது இப்படித்தான்.

நாசில் இல்லையென்றால்

அப்போதும் "இன்ஜினை இறக்கு" என்று உடனே சொல்ல வேண்டாம். முதலில் டேப்பெட் இடைவெளி. வால்வு முழுதாக மூடாமல் இருந்தால் சிலிண்டரில் அழுத்தம் நிற்காது. டீசல் இன்ஜினில் பொறி போட்டு எரிய வைக்கும் பிளக் கிடையாது, காற்றை அழுத்திச் சூடாக்கித்தான் டீசல் எரிகிறது. அழுத்தம் போனால் எரிப்பே இல்லை. காலையில் சரியாக இருந்து சூடானபின் மட்டும் உதறினால் டேப்பெட் மேல் சந்தேகம் அதிகம். சரி செய்யப் பெரிய செலவில்லை.

பிறகு கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லாச் சிலிண்டரையும் அளக்கச் சொல்லணும். அளந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்க. ஒன்று மட்டும் மற்றதைவிட மிகவும் குறைவு என்று எண் காட்டினால், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை அடித்துக்கொண்டு வந்தால், அப்போது இன்ஜின் வேலை உண்மை. எண் இல்லாமல் வாயால் சொன்னால் தீர்மானம் போட வேண்டாம்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் வண்டியை அங்கேயே நிறுத்திவிடணும்: ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறது, அதில் குமிழி வருகிறது, அல்லது ஆயில் பால் ஊற்றின காபி மாதிரி இருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். "லோடு இறக்கிட்டு வந்துடறேன்" என்று குணசீலம் வரைக்கும் ஓட்டினால்கூட இன்ஜின் போய்விடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, வெந்நீர் முகத்தில் அடிக்கும்.

நோட்டில் என்ன இருக்கணும்

தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம் எழுதுகிற நமக்கு வண்டி நோட்டு எழுதுவது பெரிய காரியம் இல்லை. தேதி, கிலோமீட்டர், போட்ட டீசல், மாற்றின சாமான். இதில் டீசல் கணக்குதான் முதலில் பேசும்.

ஒரு கணக்கு பார்ப்போம். முசிறியிலிருந்து திருச்சி மார்க்கெட் போய்வர 80 கிலோமீட்டர் என்று வைப்போம். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் 5 லிட்டர். நாசில் கெட்டு 13 ஆகக் குறைந்தால் 6 லிட்டருக்கு மேல். மாதம் 25 நடைக்குச் சுமார் 29 லிட்டர் கூடுதல். லிட்டர் 92 ரூபாய் என்றால் மாதம் 2,600 ரூபாய்க்கு மேல் புகையாகப் போகுது. கடன் தவணையில் ஒரு பகுதி அது. புகை அதிகமானால் புகைச் சான்றும் கிடைக்காது, எஃப்.சி.யிலும் நிறுத்துவார்கள். எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு எஃப்.சி. வருஷா வருஷம் என்பதையும் நினைவில் வையுங்க.

பில் கொடுக்கும்போது மாற்றின பழைய சாமானைக் கையில் வாங்குங்க. "எதுக்குக்கா அது?" என்று கேட்டால், "கூட்டத்துல காட்டணும் தம்பி" என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

வேலை முடிந்த அன்றே வண்டி சரியாச்சு என்று எழுத வேண்டாம். சூடான இன்ஜின் நல்லபடியாகத்தான் ஓடும். மறுநாள் காலை, ராத்திரி முழுக்க ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அதே காலண்டர் தாளைப் பிடித்துப் பாருங்க. ஒரு வாரம் டீசல் கணக்கு எழுதி, பழைய கணக்கோடு ஒத்துப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுக்கலாம்.